ஒலிக்கருவிகளில் எதற்குப் பெரும்பங்கு?

இல்லத்தில் இசை கேட்பதற்கென ஒரு தொகையை ஒதுக்குவோர் அனைவரும் சந்திக்கும் வினா ஒன்று உண்டு. இசைத்தட்டை இயக்கும் கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகிய மூன்றனுள் எதற்குப் பணத்தின் பெரும்பங்கை அளிப்பது? விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. மாறியதன் காரணத்தை நாம் அறிந்தால் தேர்வு எளிதாகும்.

1877-இல் எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கியபோது இவ்வினாவுக்கே இடமில்லை. ஊசி முதல் குழல் வரை யாவும் ஒரே கருவி. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் கூம்பை அதிரச் செய்யும் ஸ்பீக்கரை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். கருவி பகுதிகளாகப் பிரிந்தது. பணத்தைப் பங்கிடும் கவலையும் உடன் பிறந்தது.

1947-இல் பிரிட்டனின் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒலித்திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பீக்கரோ அந்நிலையை எட்டவில்லை. தாழ்ந்த நாதங்களைச் செம்மையாக ஒலிக்கப் பெரும் பெட்டி தேவைப்பட்டது. 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர், மூடிய சிறு பெட்டியிலுள்ள காற்றையே வில்லாகப் பயன்படுத்தி அக்குறையை நீக்கியது. ஸ்பீக்கருக்கே முதலிடம் என்னும் கொள்கை வலுப்பெற்றது.

1973-இல் ஸ்காட்லாந்தில் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன் இதனை மறுத்தார். தட்டிலிருந்து ஊசி எடுக்கத் தவறியதைப் பின்வரும் கருவி எதுவும் மீட்டுத் தராது என்பது அவர் தரப்பின் வாதம். இசைத்தட்டைப் பொறுத்தவரை அது மெய்யே. சுழற்சியின் தடுமாற்றமும் மோட்டாரின் அதிர்வும் இசையோடு கலந்து செவியை எட்டும். ஆனால் 1982-இல் ஜப்பானில் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தபின் அவ்விடர்கள் அகன்றன. இன்று எளிய விலைக் கருவியும் பதிவைப் பழுதின்றி எடுத்துத் தருகிறது.

எஞ்சிய குறை ஸ்பீக்கரிலும் அறையிலுமே உள்ளது. 1895 முதல் ஹார்வர்டில் ஆராய்ந்த வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளை மண்டபத்துள் அடுக்கி, ஒலி நின்று மறையும் காலம் குறைவதை அளந்து காட்டினார். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாடகை வீடுகளில் வாழும் நமக்கு இது பயன்தரும் செய்தி. வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் பாட்டின் சொற்களைக் குழப்பும். கனத்த திரையும், ஊரிலிருந்து கொணர்ந்த ஜமக்காளமும், புத்தக அலமாரியும் அக்குழப்பத்தை ஓரளவு தணிக்கும். அவற்றுக்குத் தனிச் செலவும் இல்லை.

ஆகவே, தொகையில் பாதியேனும் ஸ்பீக்கருக்கு அளிப்போம். பழைய இசைத்தட்டுகளைப் பேணுவோர் மட்டும் சுழல்மேடைக்கும் ஊசிக்கும் பங்கைக் கூட்டலாம். வாங்குமுன் நன்கு பழகிய கச்சேரிப் பதிவொன்றைக் கேட்போம். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தெளிவாகப் பிரிந்து, தம்புராவின் ரீங்காரம் அடியில் தொடர்ந்து கேட்குமாயின், நம் பணம் உரிய இடத்தைச் சேர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.