உத்தரபாரா நூலகம்: ஓர் ஆவணக் காப்பாளரின் கொடை

ஹௌராவிலிருந்து பண்டேல் செல்லும் புறநகர் வண்டியில், பாலி நிலையத்தை அடுத்து வருவது உத்தரபாரா. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த சிறு நகரம். தட்சிணேசுவரம் சென்று காளியை வணங்கித் திரும்பும் நம்மவர் பலர், பாலிப் பாலத்திற்கு வடக்கே ஆற்றை நோக்கிப் பெருந்தூண்களுடன் நிற்கும் மாளிகையை அறிந்திலர். அதுவே 1859ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் திறக்கப்பெற்ற ஜெயகிருஷ்ணர் பொது நூலகம். இந்தியாவின் முதல் கட்டணமற்ற பொது நூலகம் எனப் பலராலும் போற்றப்படுவது.

இதனை நிறுவிய ஜெயகிருஷ்ண முகர்ஜி (1808-1888) பெருநிலக்கிழார். ஆயினும் அவர் வாழ்வைத் தொடங்கியது ஓர் எழுத்தராகவே. இளமையில் மீரட்டில் படை அலுவலகத்தில் பணியாற்றினார். பின்னர் ஹூக்ளி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் என்போன்றோர்க்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும். ஒரு துண்டுக் காகிதம் ஓர் ஊரின் வழக்கையே தீர்க்கவல்லது என்பதை அவர் அந்நாற்காலியில் அமர்ந்தே கற்றிருக்க வேண்டும்.

நூலகம் அமைக்க அரசின் துணையை நாடினார், அது கிட்டவில்லை. தம் பொருளைக் கொண்டே கட்டி முடித்தார். அப்பொருள் உழவர் செலுத்திய வரியிலிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆங்கிலம், வங்காளம், வடமொழி நூல்களோடு, அக்காலத்து வங்க இதழ்களும் அறிக்கைகளும் அங்கே சேர்ந்தன. பிறர் படித்து எறிந்தவை அங்கே அடுக்கில் ஏறின. அதன் பயன் விரைவிலேயே விளங்கிற்று. வங்க ஊர்ப்புற வரலாற்றை 1868இல் நூலாக்கிய வில்லியம் ஹண்டர், உள்ளூர் இலக்கியத்திற்கு இணையற்ற களஞ்சியம் என இதனைப் பாராட்டினார்.

1866இல் ஈசுவர சந்திர வித்யாசாகருடன் மேரி கார்ப்பெண்டர் அம்மையார் உத்தரபாராவுக்கு வந்தார். திரும்பும் வழியில் வண்டி கவிழ்ந்து வித்யாசாகர் காயமுற்றார். அதன்பின் அவர் உடல்நலம் முழுதும் தேறவேயில்லை. சென்னையில் எட்டாண்டுகள் வாழ்ந்து, 1849இல் அங்கேயே தம் ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்ட மைக்கேல் மதுசூதன தத்தர், 1873இல் நோயும் வறுமையும் வாட்ட இந்நூலகத்தின் மாடியில் தங்கினார். இங்கிருந்து கொல்கத்தா சென்ற அவர் அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் மறைந்தார். 1909 மே 30இல் அரவிந்தர் புகழ்பெற்ற உத்தரபாராச் சொற்பொழிவை ஆற்றினார். மறு ஆண்டே புதுச்சேரி சேர்ந்தார். 1964இல் மேற்கு வங்க அரசு நூலகத்தை ஏற்றது.

பெருமக்கள் வந்து சென்றதனால் மட்டும் இந்நூலகம் பெருமையுற்றதன்று. எளிய காகிதங்களையும் எறியாது காத்ததே அதன் பெருமை. நம் மண்ணிலும் இத்தகையார் இருந்தனர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். அத்தொகுப்பே இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகின்றது.

பிழைப்புத் தேடி வந்த நம் வரலாறு எங்கே உள்ளது? மன்ற ஆண்டறிக்கைகளிலும், நாடக விழா அறிவிப்புகளிலும், நவராத்திரி வரவு செலவுக் குறிப்புகளிலும் உள்ளது. மாற்றல் ஆணை வந்ததும் மூட்டை கட்டுகிறோம். பாத்திரம் ஏறுகிறது, காகிதம் எடைக்குப் போகிறது. இதனை எழுதும் யானும் குற்றவாளியே. பல்லாண்டு சேர்த்த விழா மலர்களை ஒரு மாற்றலின்போது பழைய காகிதக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தவன் யான். கிடைத்த காசு அன்றைய காப்பிக்கும் போதவில்லை. இன்று அம்மலர்களில் ஒன்றைத் தேடினாலும் அகப்படவில்லை.

தமிழன்பர்களே! இம்மலரில் ஒரு படியை இவ்வூர்ப் பொது நூலகத்திலும், மற்றொன்றைத் தமிழகத்து ஆய்வு நூலகம் ஒன்றிலும் சேர்ப்போம். பரணில் உறங்கும் பழைய மலர்களும் அவ்வாறே சென்று சேரட்டும். நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்கு நம் பேரப்பிள்ளைகளுக்கு அவையே சான்றாகும்.