அணு உலை அணிக்கோவையில் நியூட்ரான் அளவீடு

அணு உலையின் அகத்தே யுரேனியக் கோல்களும், நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் கனநீர், கிராஃபைட் முதலிய திரவியங்களும் ஒரே இடைவெளிக் கிரமத்தில் மீண்டும் மீண்டும் அமைந்திருக்கும் ஒழுங்கே அணிக்கோவை எனப்படும். கோலுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட தூரம் சற்றே மாறினும் தொடர்வினை நிலைபெறுவதும் அவிந்துபோவதும் மாறுமாதலால், நியூட்ரான்கள் எவ்விடத்தில் எத்துணை அடர்த்தியாக, எவ்வளவு சக்தியோடு சஞ்சரிக்கின்றன என்பதைப் பரிசோதனையால் அறிவது உலை நிர்மாணத்துக்கு ஆதாரமாயிற்று.

நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே அது விட்டுச்சென்ற தடத்தைக் கொண்டே அதனை எண்ண வேண்டும். 1934இல் ரோம் நகரத்தில் என்ரிகோ ஃபெர்மியும் அவர் சகாக்களும், வேகம் தணிந்த நியூட்ரான்கள் சில தனிமங்களில் மிகுந்த கதிரியக்கத்தை உண்டாக்குவதைக் கண்டதிலிருந்து தகடு முறை வளர்ந்தது. தங்கம் அல்லது இண்டியத்தின் மெல்லிய தகடுகளைக் கோல்களின் நடுவிலும் கோலினுள்ளேயும் வைத்து, உலையைச் சிறிது நேரம் இயக்கி, பின் வெளியே எடுத்து அவற்றின் கதிரியக்கத்தை எண்ணுவர். இவ்வாறு கதிரியக்கம் பெற்ற தங்கத்தின் அரை ஆயுள் 2.7 நாள், இண்டியத்துக்கோ 54 நிமிஷமே உண்டு. இரு தகடுகளில் ஒன்றைக் காட்மிய உறையிலிட்டால், ஏறக்குறைய 0.5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட மந்த நியூட்ரான்களை உறை விழுங்கிவிடும். உறையுள்ள தகட்டையும் உறையற்ற தகட்டையும் ஒப்பிட, மந்தமானவை எவ்வளவு, விரைவானவை எவ்வளவு என்பது பிரத்தியட்சமாகும். இத்தனை எளிய சாதனத்திலிருந்து இத்தனை சூக்ஷ்மமான விவரம் கிடைப்பது இத்துறையின் பெருமை.

1941இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்மி யுரேனியத்தையும் கிராஃபைட்டையும் அடுக்கி, அடியில் நியூட்ரான் ஊற்றை வைத்து, மேலே செல்லச் செல்ல அடர்த்தி எவ்விகிதத்தில் குறைகிறது என்று அளந்தார். தானே நிலைபெற இயலாத அச்சிற்றடுக்கின் அளவைக் கொண்டே பேரடுக்கின் போக்கை அனுமானிக்க முடிந்தது. 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் தொடர்வினை நிலைபெற்றதற்கு முன்னோடி அதுவே.

இந்தியாவில் இப்பணிக்கென்றே அமைந்த உலை, டிராம்பேயில் 1961 ஜனவரி 14இல் இயங்கத் தொடங்கிய ஜெர்லினா. புதிய அணிக்கோவைகளை ஆராய்வதற்காகக் கட்டிய இக்கனநீர் உலை நூறு வாட் அளவே சக்தி உடையது. சக்தி அற்பமாயிருந்தமையே அதன் குணம். எரிபொருளில் கதிரியக்கம் அதிகம் தேங்காதாகையால், கோல்களை எடுத்து இடைவெளியை மாற்றி மறுபடி அளக்க முடிந்தது. மின்சாரம் தரும் பேருலைகள் பெற்ற புகழ் இதற்குக் கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. 1983இல் ஜெர்லினா ஓய்வுபெற்றது. அதே ஆண்டு ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் மின் உலை இயங்கலாயிற்று. அதன் 306 குழாய்கள் 22.86 சென்டிமீட்டர் இடைவெளியில் நிரல்பட்டவை. ஜெர்லினாவைப் போன்ற ஆய்வுக்கு 2008இல் டிராம்பேயில் வேறோர் உலை எழுந்தது.

திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரையில், கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13இல் இயங்கத் தொடங்கியது. அறுகோண வடிவான 163 எரிபொருட் கட்டுகள் கொண்ட அவ்வகை உலையில் தகட்டை எடுத்து எண்ணுவதற்கு இடமில்லை. உள்ளேயே நிலைத்திருக்கும் ரோடியம் கம்பி நியூட்ரானை ஏற்று, 42 வினாடி அரை ஆயுளில் சிதைந்து எலெக்ட்ரான்களை வெளியிட, அம்மின்னோட்டமே அளவாகிறது. இத்தாமதத்தின் காரணமாக, அபாயத்தில் உலையை உடனே நிறுத்தும் பொறுப்பு மையத்துக்கு வெளியேயுள்ள விரைவான உணர்கலங்களிடம் விடப்பட்டுள்ளது.