அம்பாசிடருக்கு பவர் ஆன்டெனா மாட்டப் போறீங்களா? ஓட்டை போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ரேடியோவை ஆன் பண்ணினதும் ஃபெண்டரில் இருந்து ‘விர்ர்’னு எழுந்து நிற்கும். ஆஃப் பண்ணினா சமர்த்தா உள்ளே போய்ப் படுத்துக்கும். பவர் ஆன்டெனாவோட அந்த கெத்து, இப்போ வர்ற கார்களின் கூரையில் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆன்டெனாவுக்கு வராது. தாத்தா காலத்து அம்பாசிடரையோ பத்மினியையோ தூசு தட்டி ரோட்டுக்கு எடுக்கிற பசங்க பலருக்கு இது மேல ஒரு கண்ணு இருக்கிறது அதனாலதான்.

ஆனா ஒரு விஷயம். சீட் கவர் பிடிக்கலைன்னா மாத்திடலாம். ஸ்டீரியோ பிடிக்கலைன்னா கழட்டிடலாம். ஃபெண்டரில் போட்ட ஓட்டையை அப்படிக் கழட்ட முடியாது. வெல்டிங், பட்டி, பெயின்ட்னு செலவு இழுக்கும். சரியா அடைக்கலைன்னா அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். அதனால ட்ரில்லிங் மெஷினை எடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டியதை எல்லாம் பார்த்துடலாம், வாங்க.

கே.ஜி.கண்டிகையில் ஆன்டெனா ஏன் முக்கியம்?

சென்னைக்குள்ளேயே வண்டி ஓட்டுறவங்களுக்கு ஆன்டெனா பாதி அழகுக்குத்தான். சுமாரான வயர் ஒண்ணு இருந்தாலே எஃப்.எம் பாடிடும். திருத்தணியில் இருந்து சோளிங்கர் போற வழியில் இருக்கிற கே.ஜி.கண்டிகையில் கதை வேற. சென்னை இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். எஃப்.எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் பயணம் செய்யும். தூரம் கூடக் கூட பலம் குறையும், குன்று குறுக்கே வந்தா இன்னும் குறையும். இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை. திருப்பதி, சென்னையைவிடப் பக்கம். தமிழ்ப் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுவில் தெலுங்கு எட்டிப் பார்த்தா ஆச்சர்யப்படாதீங்க. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. ரேடியோ அலைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாதே!

இந்த மாதிரி இடத்தில் ஆன்டெனாவோட நீளம் பேசும். 98 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் பக்கம் நீளமுள்ள கம்பி எஃப்.எம்-முக்கு நல்லா ஒத்துவரும். முழுசா நீட்டின பவர் ஆன்டெனா பல மாடல்களில் ஏறக்குறைய இந்த அளவுதான். பழைய செட்டில் மீடியம் வேவ் கேட்கணும், 720 கிலோஹெர்ட்ஸில் ஆகாஷவாணி சென்னை ‘ஏ’ நிலையத்தைப் பிடிக்கணும்னு ஆசைப்பட்டாலும் வெளியில் நிற்கிற நல்ல கம்பி வேணும்.

முதல்ல 4 கேள்வி

ஏற்கெனவே ஓட்டை இருக்கா? பழைய கையால் இழுக்கிற ஆன்டெனா இருந்த கார்னா பாதி வேலை முடிஞ்சது. அந்த ஓட்டையையே பயன்படுத்துற மாதிரி யூனிட் தேடுங்க. வேற இடத்தில் இன்னொரு ஓட்டை வேண்டவே வேண்டாம்.

கார் 50 வயசைத் தாண்டிடுச்சா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷத்துக்கு மேல ஆகி, சேஸி, பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினலா இருக்கிற கார்தான் ‘வின்டேஜ்’. அதுக்கு ‘வி.ஏ’ வரிசையில் தனி நம்பர் உண்டு. ஒரு ஆன்டெனா ஓட்டையால் அந்தத் தகுதி போயிடும்னு விதி சொல்லலை. ஆனா, ஒரிஜினல் பாடிதான் அந்தக் காரோட மதிப்பே. வெட்டாம முடியும்னா வெட்டாதீங்க.

எந்த கார்? அம்பாசிடரில் முன் ஃபெண்டர் தனியா நிற்கும், பானெட் மட்டும் திறக்கும். அதனால முன்பக்கம் மாட்டலாம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெச்சிருந்தா ஜாக்கிரதை! அதில் பானெட்டும் முன் ஃபெண்டரும் ஒண்ணாச் சேர்ந்து முன்பக்கமா கவிழும். அங்கே ஆன்டெனா மாட்டினா, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேபிள் இழுபடும். ஹெரால்டுக்குப் பின்பக்க ஃபெண்டர்தான் சரி. கேபிள் மட்டும் நீளமா வாங்கணும்.

பேட்டரி எப்படி? பவர் ஆன்டெனா பெரும்பாலும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்குன்னு செஞ்சது. பழைய பிரிட்டிஷ் டிசைன் கார்களில் பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்திருக்கும். பழைய வில்லிஸ் ஜீப்பில் 6 வோல்ட் பேட்டரி. எந்த முனையில் இருந்து வர்ற வயர் பாடியில் முறுக்கியிருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. மாறியிருந்தா, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேட்காம எதையும் இணைக்காதீங்க.

உள்ளே என்ன நடக்குது?

கம்பி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையிற குழாய்கள். உள்ளே பல் வெட்டின நைலான் கயிறு ஓடும். அடியில் சின்ன மோட்டாரும் பல்சக்கரமும். மோட்டார் ஒரு பக்கம் சுத்தினா கயிறு கம்பியை மேலே தள்ளும். மறுபக்கம் சுத்தினா இழுத்து டிரம்மில் சுருட்டிக்கும்.

இதில் 2 வகை. ரேடியோ ஆன் ஆனதும் தானா எழும்புறது ‘ஆட்டோமேட்டிக்’. டாஷ்போர்டில் மேலே-கீழே சுவிட்ச் வெச்சு இயக்குறது இன்னொண்ணு. அந்தக் காலத்து ஒரிஜினல் ரேடியோவை வெச்சிருக்கிறவங்களுக்கு இரண்டாவதுதான் வசதி. ஏன்னா, ஆன்டெனாவுக்கு சிக்னல் கொடுக்கிற வயர் அந்த ரேடியோவில் பெரும்பாலும் இருக்காது.

சென்னையில் பழைய பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை, புது ஆக்சஸரீஸுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. செகண்ட் ஹேண்டா வாங்கினா, கடையிலேயே பேட்டரியில் கொடுத்து நாலு தடவை ஏத்தி இறக்கிப் பார்த்து வாங்குங்க.

மாட்டுறது எப்படி?

1. பேட்டரியோட எர்த் வயரைக் கழட்டிடுங்க. இது முதல் வேலை.

2. ஃபெண்டருக்கு அடியில் அளங்க. மோட்டாரோடு சேர்த்து யூனிட் எவ்வளவு ஆழம் கேட்குதோ, அந்த இடம் இருக்கணும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. டயர் இடிக்கக் கூடாது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் இன்னும் மேலே வரும், அதுக்கும் இடம் விடுங்க.

3. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் குறி வையுங்க. பன்ச்சால் ஒரு தட்டு. 3 மில்லிமீட்டர் பிட்டில் சின்னத் துளை. பிறகு ஸ்டெப் ட்ரில் வெச்சு, யூனிட்டோட வந்த ரப்பர் வாஷர் கேட்கிற அளவுக்கு மட்டும் பெருசாக்குங்க. இரும்புத் தூளை முழுசா துடைச்சிடுங்க. அது கிடந்தா துரு.

4. ஓட்டையோட ஓரத்தில் ப்ரைமரும் பெயின்ட்டும் அடிங்க. அடிப்பக்கம் மட்டும், எர்த் வாஷர் உட்காருற அளவுக்கு பெயின்ட்டைச் சுரண்டி விடணும். ஆன்டெனாவுக்கு எர்த் கிடைக்கிறது அங்கேதான். இறுக்கின பிறகு மேலே லேசா கிரீஸ் தடவுங்க.

5. யூனிட்டோட அடிப்பக்கத்தை பிராக்கெட் போட்டு பாடியோடு இறுக்குங்க. மேல் நட்டு மட்டும் மொத்த எடையையும் தாங்காது. அடியில் இருக்கிற தண்ணி வடியிற ட்யூபை மடக்காம கீழ்நோக்கி விடுங்க. ஐப்பசி மழையில் மோட்டாரைக் காப்பாத்துறது அதுதான்.

வயரிங்: இங்கேதான் கவனம்!

ஆட்டோமேட்டிக் யூனிட்டில் வழக்கமா 3 வயர். ஒண்ணு பேட்டரியில் இருந்து எப்பவும் வர்ற கரன்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு ரேடியோவில் இருந்து வர்ற சிக்னல். ‘ரேடியோவை ஆஃப் பண்ணிட்டேன், ஆன்டெனா இறங்கலை’ன்னா முதல்ல அந்த எப்பவும் வர்ற கரன்ட்டைப் பாருங்க. ரேடியோ அணைஞ்ச பிறகும் மோட்டாருக்கு கரன்ட் இருந்தாத்தானே கம்பி இறங்கும்!

அந்த வயரில் ஃப்யூஸ் கட்டாயம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்க. அளவு யூனிட்டோட வந்த பேப்பரில் இருக்கும். ஃப்யூஸ் இல்லாம வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனா, வண்டியே பத்திக்கும். ஃபயர்வால் வழியா போற எல்லா வயருக்கும் ரப்பர் கிராமெட் வேணும்.

புது ஸ்டீரியோக்களில் நீல வயர் பவர் ஆன்டெனாவுக்கு, நீலம்-வெள்ளைக் கோடு வயர் ஆம்ப்ளிஃபையருக்குன்னு வழக்கம். ஆனாலும் கலரை நம்பாம பேப்பரைப் பாருங்க. அந்த வயர் சிக்னலுக்கு மட்டும்தான்; மோட்டாரையே அதில் இணைச்சா ஸ்டீரியோ காலி.

பேட்டரியை மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரில் ஒரு செக். கம்பிக்கும் ஆன்டெனா பிளக்கோட நடு முனைக்கும் தொடர்பு இருக்கணும். கம்பிக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. பிளக்கோட வெளி வளையத்துக்கும் பாடிக்கும் இருக்கணும்.

பாட்டோட சேர்ந்து ‘டிக் டிக்’ வருதா?

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘டிக் டிக்’ வேகமானா, அது ஸ்பார்க் ப்ளக் பக்கத்து சத்தம். ரெசிஸ்டர் டைப் ப்ளக் போடுங்க. இக்னிஷன் காயிலில், சுவிட்சில் இருந்து கரன்ட் வர்ற பக்கத்தில் சப்ரஸர் கண்டன்ஸர் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. ‘ஊய்ங்’னு ஏறினா, டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ பார்க்கணும். எதுவா இருந்தாலும் முதல்ல ஆன்டெனா எர்த்தைத் திரும்ப ஒரு தடவை சரிபாருங்க.

பழைய மீடியம் வேவ் ரேடியோவில் ஆன்டெனா சாக்கெட் பக்கத்தில் ‘ட்ரிம்மர்’னு ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மங்கலா கேட்கிற ஏதாவது ஒரு ஸ்டேஷனை வெச்சு, சத்தம் கூடுற வரைக்கும் அதை மெதுவா திருப்புங்க. ஆன்டெனா மாத்தினா இதைச் செய்யணும். பலரும் மறந்துடுறது இதைத்தான்.

பராமரிப்பு

செம்மண் தூசுதான் கம்பிக்கு எதிரி. வாரம் ஒருமுறை முழுசா நீட்டி, உலர்ந்த துணியால் துடைங்க. கெட்டி கிரீஸ் வேண்டாம், தூசியை இழுத்து வெச்சுக்கும். புளிய மரக் கிளை தாழ்ந்த ரோடு, வாட்டர் வாஷ், தாழ்வான ஷெட் இதுக்கெல்லாம் முன்னாடி ரேடியோவை அணைச்சிடுங்க.

மோட்டார் சுத்துற சத்தம் கேட்குது, கம்பி அசையலைன்னா பெரும்பாலும் நைலான் கயிறு அறுந்திருக்கும். முழு யூனிட்டையும் மாத்தத் தேவையில்லை. கயிறோடு கம்பி மட்டும் தனியா கிடைக்குதான்னு கேளுங்க. மேல் நட்டைக் கழட்டி, ரேடியோவை ஆன் பண்ணினா பழைய கம்பி வெளியே வந்துடும். புதுக் கயிறோட பல், பல்சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி உள்ளே விட்டு ரேடியோவை ஆஃப் பண்ணினா, மோட்டாரே இழுத்துக்கும்.

வெட்ட மனசு வரலையா?

கண்ணாடியில் உள்பக்கமா ஒட்டுற ஆன்டெனா இருக்கு. கூரை ஓரத்து மழைத்தண்ணிக் காலில் க்ளாம்ப் போட்டு நிறுத்துற கம்பியும் இருக்கு. எழும்பி இறங்கிற கெத்து இதில் கிடையாது. க்ளாம்ப் கம்பியை நல்ல எர்த்தோடு மாட்டினா எஃப்.எம் தாராளமா பாடும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லயே நின்னுபோச்சு, பத்மினி அதுக்கும் முன்னாடியே. புது பாடி இனி வரப்போறதில்லை. அதனால க்ளாம்ப் ஆன்டெனாவை ஒரு மாசம் மாட்டி, கே.ஜி.கண்டிகையில் இருந்து திருத்தணி வரைக்கும் நாலு தடவை ஓட்டிப் பாருங்க. அப்பவும் பவர் ஆன்டெனாதான் வேணும்னு தோணினா, அளவெடுத்து, ஒரே ஒரு ஓட்டை போடுங்க!