குதிரைக்காரச் செட்டியார்

எங்க தெருவுல 'ரேசுக்குப் போறான்'னா குடும்பம் நாசம்னு அர்த்தம். அதனாலேயே எம்.ஏ.எம். ராமசாமி (1931-2015) மேல எனக்கு ரொம்ப நாள் கடுப்பு. செட்டிநாட்டு அரண்மனை வாரிசு, கிளாசிக் பந்தயங்களா ஜெயிச்சு கின்னஸ்ல பேர் வாங்கினவர், மெட்ராஸ் ரேஸ் கிளப்போட தலைவர். அவருக்கென்ன, தோத்தாலும் தாங்கும்!

1974ல பந்தயத்தை ஒழிக்க ஒரு சட்டம், 1986ல கிளப்பையே அரசு எடுத்துக்க இன்னொன்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1996 ஜனவரியில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல. 1986 சட்டம் ரத்து.

கிண்டியில் தோத்துட்டு நடந்தே வீடு வந்த பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "திறமை குதிரைக்குடா, எனக்கா இருந்துச்சு?"ன்னார். ஆனா செட்டியாரை ஒரு வார்த்தை திட்டலை. 2024 செப்டம்பர்ல குத்தகையை ரத்து பண்ணி அரசு சீல் வெச்சப்ப ரெண்டு பேருமே இல்லை.