ஸ்பானியக் கைதி எழுதிய கடிதம்

முன்பின் அறியாத ஒருவர் பல இலட்சம் டொலரில் பங்கு தருவதாக அனுப்பும் மின்னஞ்சலை இணையத்தின் குழந்தை என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்தக் கடிதமோ இணையத்துக்குப் பல தலைமுறைகள் மூத்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய பாரிஸ் சிறைகளில் எழுதப்பட்ட "ஜெருசலேம் கடிதங்கள்" பற்றி, குற்றவாளியாக இருந்து பின்னர் துப்பறியும் பொலிஸ் பிரிவின் தலைவரான வீதோக் பதிவுசெய்திருக்கிறார். நாட்டை விட்டோடிய பிரபு ஒருவரின் பணியாளன் தான் என்றும், எசமானின் செல்வம் அடங்கிய பேழையை வழியில் மறைத்துவிட்டு வந்ததாகவும், அதை மீட்கச் சிறு தொகை தேவை என்றும் கைதி எழுதுவான். மாகாணங்களில் வாழும் வசதி படைத்தோருக்கே கடிதம் போகும். நூற்றுக்கு இருபது பேர் பதில் எழுதினர் என்பது வீதோக்கின் கணக்கு. இன்றைய விளம்பர நிறுவனங்கள் பொறாமைப்படக்கூடிய விகிதம்!

பின்னர் இதே கதை ஸ்பெயினுக்கு இடம் மாறியது. அநியாயமாகச் சிறைப்பட்ட கனவான், எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட பணம், ஆதரவற்ற மகள். கைதியின் உயிருக்கு ஆபத்து என்பதால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. 1898 இல் இது பற்றி எழுதிய நியூயோர்க் ரைம்ஸ், பழைய மோசடி ஒன்று புத்துயிர் பெற்றிருப்பதாகவே குறிப்பிட்டது. அப்போதே அது பழையது.

1980களில் எண்ணெய் விலை வீழ்ந்து நைஜீரியப் பொருளாதாரம் தள்ளாடிய காலத்தில், அஞ்சலிலும் தொலைநகலிலும் அதே கடிதம் உலகைச் சுற்றத் தொடங்கியது. அந்நாட்டுக் குற்றவியல் கோவையின் 419 ஆம் பிரிவே அதற்குப் பெயராயிற்று. எங்கள் ஆசிரியபீடத்துக்கும் அத்தகைய கடிதங்கள் வந்ததுண்டு. பத்திரிகையாளனிடம் பணம் இருக்கும் என்று நம்பிய அந்த வெகுளியை எண்ணிச் சிரித்தோம். இராணுவ ஆட்சியாளர் அபாச்சா 1998 இல் இறந்த பின்னர், அவருடைய விதவை பெயரிலும் கடிதங்கள் குவிந்தன.

ஆனால், இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்துவிட்டது. ஸ்பானியக் கைதி இரக்கத்தை யாசித்தான். புதிய கடிதமோ, அரச ஒப்பந்தத்தில் மிகையாகக் காட்டிய பணத்தைக் கடத்த உதவுமாறு கேட்டது. சம்மதித்தவர் தம்மைக் குற்றத்தின் பங்காளியாகவே கருதிக்கொள்வார். ஏமாந்த பின் பொலிஸ் நிலையப் படி ஏற அவருக்குத் துணிவு வராது. மோசடிக்காரரின் உண்மையான காவலரண் இந்த மௌனமே என்பேன்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்போருக்கு பிரேசிலின் பாங்கோ நொரோவெஸ்தே வங்கியின் கதை போதும். நைஜீரிய மத்திய வங்கி ஆளுநராக நடித்த ஒருவர், அபூஜாவில் கட்டப்படவிருப்பதாகச் சொன்ன விமான நிலையத்தைக் காட்டி, அவ்வங்கியின் உயரதிகாரி ஒருவரிடமிருந்து 1995 முதல் 1998 வரை 24 கோடி 20 இலட்சம் டொலரைக் கறந்தார். வங்கி பின்னர் வீழ்ந்தது. 2005 இல் பிரதான குற்றவாளிக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கடிதங்கள் ஏன் இவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பதற்கு மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹேர்லி 2012 இல் தந்த விளக்கம் சுவையானது. சந்தேகப்படுவோர் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும், எஞ்சுவோரிடம் மட்டும் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதே எழுதுபவரின் திட்டமாம்.

பெருந்தொகை வருமுன் சிறுதொகை கேட்பது, இரகசியம் கோருவது, அவசரப்படுத்துவது ஆகிய மூன்றும் வீதோக் காலத்து அடையாளங்கள்தாம். பதில் எழுத வேண்டாம். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அது கடந்துவந்த வழி அதன் தலைப்பகுதியில் பதிவாகியிருக்கும். இலங்கையில் பொலிஸாரிடமும் ஸ்ரீ லங்கா சேர்ட் அமைப்பிடமும் முறையிடலாம். இந்தியாவில் 1930 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. கனடாவில் மோசடித் தடுப்பு மையமும், அமெரிக்காவில் எப்.பி.ஐ. நடத்தும் இணையக் குற்ற முறைப்பாட்டு மையமும் இருக்கின்றன.

முறையிட்ட சில வாரங்களில், இழந்த பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகவும் அதை விடுவிக்கச் சிறு கட்டணம் செலுத்துமாறும் "அதிகாரி" ஒருவர் எழுதக்கூடும். அவரும் அதே கைதிதான்.