கணக்கிற்கு விலக்கானவர் இல்லை

ஹிஜ்ரி 319, கி.பி. 931ஆம் ஆண்டு. பக்தாது நகரில் மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் உயிரிழந்த செய்தி, அப்பாஸிய்யக் கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. தொழில்களைக் கண்காணித்து வந்த முஹ்தஸிபுக்கு ஆணை பிறந்தது. ஸினான் இப்னு தாபித் சோதித்துச் சான்று அளித்தாலன்றி இனி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்பதே அந்த ஆணை. 860க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தேர்வுக்கு வந்தனர் என்று மருத்துவர் வரலாறு எழுதிய அரபு ஆசிரியர்கள் குறித்துள்ளனர்.

இதனை நம் நாகரிகத்தின் பெருமையாக எடுத்துரைக்கிறோம். பெருமைக்குரியதே. ஆயினும் அதே ஏடுகளில் காணும் மற்றொரு குறிப்பை நாம் கடந்து சென்றுவிடுகிறோம். புகழால் முன்னரே அறியப்பட்டோரும், ஆட்சியாளரின் பணியில் இருந்தோரும் அத்தேர்விலிருந்து விலக்குப் பெற்றனர்.

புகழுக்கும் பதவிக்கும் அளிக்கப்படும் இந்த விலக்கு எத்துணை ஆபத்தானது என்பதற்குப் பத்து நூற்றாண்டுகள் கழித்து ஒரு சான்று கிடைத்தது. அது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், இதயக் குறையுடன் பிறந்த பச்சிளங் குழந்தைகளின் உயிரை விலையாகக் கொண்ட சான்று.

பிரிஸ்டலில் குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. ஆனால் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைகள் 1995 வரை அங்கு நடைபெறவில்லை. பெரியவர்களுக்கான ராயல் இன்ஃபர்மரியில் நடைபெற்றன. குழந்தை இதயநோய் வல்லுநர்கள் ஒரு கட்டடத்தில். அறுவை முடிந்த குழந்தை கிடந்த கட்டில் வேறொரு கட்டடத்தில்.

1988இல் அங்கு பணியேற்ற மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின், அறுவைகள் நெடுநேரம் நீள்வதையும் இறப்புகள் மிகுந்திருப்பதையும் கண்டு கலங்கினார். 1990இல் நிருவாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பயன் விளையவில்லை. பின்னர்த் தாமே இறப்புகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். ஆனால் அக்கணக்கை எவரிடம் சமர்ப்பிப்பது? அறுவை மருத்துவர் இருவருள் மூத்தவரே 1992 முதல் அந்நிறுவனத்தின் மருத்துவ இயக்குநராகவும் இருந்தார்! 1995 ஜனவரியில், ஒரு குழந்தைக்கு அறுவை செய்வது தகுமா என்று முந்தைய நாள் மாலை மருத்துவர்கள் கூடி விவாதித்தனர். போல்சின் வேண்டாமென்றார். அறுவை நடந்தது; குழந்தை பிழைக்கவில்லை.

பேராசிரியர் இயான் கென்னடி தலைமையில் நடந்த பொது விசாரணை 2001 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. 1991க்கும் 1995க்கும் இடையே, ஒரு வயது நிறையாத குழந்தைகளுள் 30 முதல் 35 பேர் வரை, பிற மருத்துவமனைகளை நோக்க மிகையாக இறந்தனர் என அது கண்டது. அங்கிருந்தோர் தீயவர் அல்லர், கடுமையாக உழைத்தவர்களே. சிலரிடமே அதிகாரம் குவிந்து கிடந்ததும், குறை சொல்வோர் பேச அஞ்சியதும், விளைவுகளை அளந்து பார்க்கும் பொறுப்பு எவருக்கும் உரியதாகாமல் போனதுமே கேட்டிற்கு வித்திட்டன என்பது அறிக்கையின் சாரம்.

அதே ஆண்டுகளில் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் மற்றொருவர் வேறு வழி சென்றார். மார்க் டி லெவால் உலகப் புகழ் வாய்ந்த அறுவை மருத்துவர். இதயத்தினின்று புறப்படும் இரு பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த சிசுக்களுக்கு அவர் செய்த முதல் 52 அறுவைகளில் ஓர் இறப்பே நேர்ந்தது. அடுத்த 16இல் 7 சிசுக்கள் இறந்தன. அவர் புகழுக்கு அதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம், உலகமும் நம்பியிருக்கும். அவரோ தம் எண்களைத் தாமே விசாரணைக்கு உட்படுத்தினார். சிறந்த பலன் கண்ட வேறொரு மருத்துவரிடம் சென்று, மாணாக்கரைப் போல் மீண்டும் பயின்றார். இறப்புகள் குறைந்தன. தம் தோல்வியை முழுவதும் விவரித்து 1994இல் மருத்துவ இதழிலும் வெளியிட்டார்.

பிரிஸ்டலும் திருந்தியது. குழந்தைகளின் இதய அறுவை குழந்தைகள் மருத்துவமனைக்கே மாற்றப்பட்டது. புதிய அறுவை மருத்துவர் வந்தார். ஒரு வயதுக்குட்பட்டோருக்கான திறந்த இதய அறுவைகளில் 1991–95இல் நூற்றுக்கு 29ஆக இருந்த இறப்பு, 1999–2002இல் நூற்றுக்கு 3ஆகக் குறைந்தது. அந்த முன்னைய இறப்புகள் எல்லாம் விதியின் செயலல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஆனால் மனிதனின் அசட்டைக்குக் கத்ரைத் திரையாக்கிக் கொள்ள மார்க்கம் இடம் தரவில்லை. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை அமானிதம், அமானிதத்திற்குக் கணக்குண்டு. தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொள்ளும் முஹாஸபாவை நம் பெரியோர் இரவுத் தனிமையின் வணக்கமாகப் போற்றினர். அறுவைக் கூடத்தின் பதிவேட்டிலும் அதற்கு இடமுண்டு. ஸினானின் தேர்வு வாயிலைக் காத்தது. வாயிலைக் கடந்து புகழடைந்தவரையும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் மருத்துவமனையே குழந்தைகளைக் காக்கிறது.