ஒரு குடும்பம், மூன்று பிறந்த தேதிகள்: பிலிப்பீனியரின் இரட்டைக் குடியுரிமை குறித்து

தமிழில் குடியுரிமை, குடியேற்றம், குடிபெயர்வு ஆகிய மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றே: குடி. அச்சொல் குடும்பத்தையும் குறிக்கும்; நாட்டு மக்களையும் குறிக்கும். பிலிப்பீன்சின் தகலாகு மொழியிலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஊர், நாடு என்று பொருள்படும் 'பாயன்' என்ற சொல்லிலிருந்தே குடிமகனைக் குறிக்கும் 'மமமாயன்' பிறக்கிறது. முன்னொட்டின் மூக்கொலி சேர்ந்து பகரம் மகரமாகத் திரிந்ததால் வேர் சற்றே மறைந்து நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து தாயகம் திரும்புபவரைச் சுட்டும் 'பாலிக்பாயன்' என்ற சொல்லும் அதே வேரினது. 'பாலிக்' என்றால் திரும்புதல்.

மொழி இவ்வாறு ஒரே வேரில் கட்டிவைத்தவற்றைச் சட்டம் ஆள் வாரியாகப் பிரிக்கிறது. நாடு மாறும் பிலிப்பீனியக் குடும்பம் ஒன்றின் ஆவணக் கோப்பைப் புரட்டினால் இது விளங்கும். அக்கோப்பிலுள்ள ஒவ்வொரு தாளும் வெவ்வேறு காலத்து அரசு எடுத்த ஒரு முடிவின் எச்சம் எனலாம்.

1898 டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிசு உடன்படிக்கையின்படி, இரண்டு கோடி டாலருக்கு ஸ்பெயின் பிலிப்பீன்சை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பிலிப்பீனியர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவில்லை, அயலாராகவும் கருதப்படவில்லை. அமெரிக்க ஆட்சிக்குப் பற்றுறுதி செலுத்த வேண்டிய, ஆயினும் குடியுரிமை இல்லாத இடைநிலை அவர்களுடையது. அந்நிலையில் குடியேற்ற ஒதுக்கீட்டு வரம்பின்றி அவர்களால் அமெரிக்கா செல்ல முடிந்தது. 1934ஆம் ஆண்டின் டைடிங்ஸ்–மக்டஃபி சட்டம், பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் விடுதலை அளிப்பதாக உறுதி கூறியது. அதே சட்டம் குடியேற்ற நோக்கில் அவர்களை உடனடியாக அயலாராக்கி, ஆண்டுக்கு 50 பேர் என்று வரம்பு கட்டியது. பற்றுறுதி மட்டும் அப்படியே தொடர்ந்தது, நுழைவுரிமை போயிற்று.

இவ்விடத்தில் இந்திய வரலாறும் வந்து சேர்கிறது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்த லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர், பிலிப்பீனியர் ஆகிய இரு தரப்பினருக்கும் குடியுரிமைத் தகுதியை ஒருசேரத் திறந்துவிட்டது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 இடங்களையும் ஒதுக்கியது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, பிலிப்பீன்சு விடுதலை அடைந்தது.

பிலிப்பீன்சும் தன் பங்குக்குக் கோடுகள் வரைந்தது. 1936ஆம் ஆண்டின் காமன்வெல்த் சட்டம் 63, அயல்நாட்டுக் குடியுரிமை பெறுபவர் பிலிப்பீன்சுக் குடியுரிமையை இழப்பார் என்றது. 1935ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, தந்தை குடிமகனாயின் பிள்ளை பிறப்பிலேயே குடிமகன். தாய் பிலிப்பீனியராகவும் தந்தை அயல்நாட்டவராகவும் இருந்தால், பிள்ளை வயதுக்கு வந்தபின் 'தெரிவு' செய்து அறிவிக்க வேண்டும். 1973 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புதான் தாய், தந்தை இருவரையும் சமமாக்கியது.

அந்த 'தெரிவு' வெறும் சடங்கன்று. 1964இல் சீனத் தந்தைக்கும் பிலிப்பீனியத் தாய்க்கும் பிறந்த ஒருவர் அந்நாட்டிலேயே வளர்ந்தார், வாக்களித்தார், தம் ஊர் நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கவும்பட்டார். 1998ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். ஆனால் தெரிவுக்கான பத்திரத்தை 1999இல்தான் எழுதினார். வயதுக்கு வந்து 14 ஆண்டுகள் கடந்திருந்தன. காலம் கடந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகச் சேர்க்க மறுத்தது. வாழ்ந்த வாழ்க்கையைவிட எழுதப்படாத ஒரு தாள் கனத்தது.

1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் பழைய ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டபின், செவிலியர் உள்ளிட்ட பிலிப்பீனியர் பெருந்தொகையில் அங்குச் சென்றனர். பலர் குடியுரிமை பெற்றுத் தாயகத்தின் குடியுரிமையை இழந்தனர். 1987ஆம் ஆண்டு அரசமைப்பு, இரட்டைப் பற்றுறுதி நாட்டு நலனுக்குக் கேடு என்று எழுதிவைத்தது. ஆயினும் 2003 ஆகஸ்ட் 29 அன்று குடியரசுச் சட்டம் 9225 கையெழுத்தானது. பிறப்பால் பிலிப்பீனியராயிருந்து பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓர் உறுதிமொழி எடுத்தால் போதும். இழந்ததை மீளப் பெறலாம். மற்ற நாட்டைத் துறக்கும்படி அவ்வுறுதிமொழி கேட்பதில்லை. அதே 2003இல்தான் இந்திய நாடாளுமன்றம் 'இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்' என்ற வகையை நிறைவேற்றியது. அது பெயரளவில் மட்டுமே குடியுரிமை. வாக்கும் இல்லை, இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை. பிலிப்பீன்சு தந்தது முழுக் குடியுரிமை.

ஆனால் அதை யாருக்குத் தந்தது? விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். இலோயிலோவில் பிறந்து கலிபோர்னியாவில் வாழும் கணவனும் மனைவியும் 1988இல் அமெரிக்கக் குடிமக்கள் ஆகின்றனர். அங்கேயே பிறந்த பிள்ளைகள் மூவர்: 1985இல் மகள், 1990இல் மகன், 1998இல் கடைக்குட்டி. 2009இல் எல்லோரும் இலோயிலோவுக்குக் குடிபெயர எண்ணுகின்றனர்.

தாய் எடுக்கும் உறுதிமொழி கணவரைச் சேராது. அவர் தனியே எடுக்க வேண்டும். மூத்தவள் பிறந்தபோது பெற்றோர் பிலிப்பீனியர். ஆகவே அவள் பிறப்பாலேயே இரு நாட்டவள். துணைத் தூதரகத்தில் காலந்தாழ்த்தியேனும் பிறப்பைப் பதிந்தால் போதும். கடைக்குட்டிக்கு 11 வயது. 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை என்பதால் பெற்றோரின் மீட்புரிமை அவனையும் சேரும். நடுவிலானவன் பிறந்தபோது பெற்றோர் அமெரிக்கர். இப்போது அவனுக்கு 19 வயது. அவன் மட்டும் அயலான்.

அவனுக்கும் வழி உண்டு. 1989ஆம் ஆண்டின் பாலிக்பாயன் சட்டப்படி விசா இன்றி ஓராண்டு தங்கலாம். ஆனால் பெற்றோருடன் சேர்ந்தே வந்திறங்க வேண்டும். நிலையாகத் தங்க, 1940ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 13(அ) பிரிவு இருக்கிறது. மணமாகாதவனாக, 21 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு சட்டத்துக்கு வளர்ந்தவனாகிவிட்டவன், இன்னொரு சட்டத்துக்கு இன்னும் பிள்ளை. உடன்பிறந்தார் மூவரும் ஒரே விமானத்தில் வந்திறங்கி, வெவ்வேறு சட்டங்களின் வழியாக ஊருக்குள் நுழைகின்றனர்.

சட்டம் 9225 அரசமைப்புக்கு முரணானது என்ற வாதத்தை 2007இல் பிலிப்பீன்சு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் நாட்டுக்கான உறுதிமொழியை வாங்கிக்கொண்டபின், மற்றொரு பற்றுறுதி குறித்த கவலை அந்த அயல்நாட்டுக்கே உரியது என்பது அதன் நிலைப்பாடு. பற்றுறுதிச் சிக்கல் இவ்வாறு எளிதில் தீர்ந்தது. தீராமல் நிற்பது குடும்பச் சிக்கல். சட்டம் தனி ஆளை அறியும், அவருடைய பிறந்த தேதியை அறியும். அண்ணன் தம்பி என்ற உறவை அறியாது.

குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கைகளிலிருந்தும் ஒதுக்கீடுகளிலிருந்தும் தொடங்குகின்றனர். வீட்டுக் கோப்பிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கும் என்பது என் கருத்து. அதில் 1934, 1973, 2003 ஆகியவை நூலில் காணும் ஆண்டுகளாக நில்லாமல், ஒரே உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்கிடையே வரையப்பட்ட கோடுகளாகத் தெரியும். அக்கோடுகளைத் தாண்டிக் குடும்பத்தை மீண்டும் ஒரு குடியாக்கும் வேலையைத்தான் பிறப்புச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், இரண்டு கடவுச்சீட்டுகள் ஆகிய இத்தாள்களைக் கொண்டு அந்தத் தாய் செய்துகொண்டிருக்கிறார்.